இரட்டையர் சொன்ன சேதி

போரில் பட்ட அதிர்ச்சி மனசோடு நின்றுவிடுமா? வியட்நாம் போர்க்காலத்தில் ராணுவத்தில் இருந்த அமெரிக்க இரட்டையர்களிடம் இதற்கு விடை தேடினார்கள், எமரி பல்கலைக்கழகத்தின் வயோலா வக்காரினோ குழுவினர். இரட்டையர் எதற்கு? ஒரே வயிற்றில் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்; ஒருவருக்கு மட்டும் நோய் வந்தால் பரம்பரை மேல் எளிதில் பழிபோட முடியாது பாருங்கள்!

2013-இல் முடிவு வெளியானது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் இருந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 23 பேருக்கு இதய நோய் வந்திருந்தது. இல்லாதவர்களில் 9 பேருக்குத்தான். ஸ்கேனிலும் இதயத் தசைக்கு ரத்த ஓட்டம் குறைவாகவே தெரிந்தது.

கதவு படாரென்று சாத்தினாலே தூக்கிவாரிப்போடும் இந்த மன அழுத்த நோய் உள்ளவர்களுக்கு. உடனே அட்ரினலின் சுரக்கும், ரத்த அழுத்தம் ஏறும். வருஷக்கணக்கில் இப்படியென்றால் ரத்தக்குழாய் தாங்குமா? சிகரெட், குடி என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. அவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் வித்தியாசம் மறையவில்லை.