பொத்தானும் பொய்ப்பொத்தானும்

கல்லூரி விண்ணப்பத்தை இன்று கணினித் திரையில் நிரப்புகிறீர்கள். கண்பார்வையற்றோர்க்கும் கை நடுக்கமுடையோர் பலர்க்கும் ‘மௌஸ்’ என்னும் சுட்டி பயன்படுவதில்லை. ‘டேப்’ விசையே அவர்களைக் கட்டத்துக்குக் கட்டம் அழைத்துச் செல்கிறது. இறுதியில் ‘அனுப்புக’ என்னும் பொத்தானோ, சில பக்கங்களில், வண்ணந்தீட்டிய வெறும் பெட்டியே! சுட்டிக்கு இணங்கும், விசை அதனைத் தாண்டிப் போய்விடும். அனைத்தையும் நிரப்பியவர் அனுப்ப வழியின்றித் திகைப்பார். எச்.டி.எம்.எல். மொழியின் ‘பட்டன்’ குறியை இட்டிருந்தால் ‘டேப்’ தானே அங்கு நிற்கும். ‘என்டர்’ விசையும் இடைவெளி விசையும் அதனை இயக்கும். விசை நின்ற இடத்தைக் காட்டும் கோட்டை, அழகு கெடுகிறதென்று அழிப்பாரும் உளர், என்ன அழகோ! விசையால் இயங்குதல், நின்ற இடம் தெரிதல் ஆகிய இரண்டையும் டபிள்யூ3சி அமைப்பின் 2008-ஆம் ஆண்டு நெறிமுறை வேண்டுகிறது. புதிய பக்கம் எதைக் கண்டாலும், நான் சுட்டியை ஒதுக்கிவிட்டு முதலில் ‘டேப்’ விசையையே அழுத்திப் பார்க்கிறேன்.