கொம்பவுண்ட்: ஒரு சொல்லும் எங்கள் வளவும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஆங்கிலத்தில் ஒரே சொல் பாடத்துக்குப் பாடம் வேறு முகம் காட்டி எங்களைக் குழப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். 'கொம்பவுண்ட்' அப்படி ஒரு சொல். இலக்கணத்தில் அது கூட்டு வாக்கியம். கணிதத்தில் கூட்டு வட்டி. இரசாயனத்தில் சேர்வை. விலங்கியலில் கரப்பானின் கூட்டுக்கண். டிஸ்பென்சரியில் மருந்து கலந்து தந்தவர் கொம்பவுண்டர். இடைவேளை மணி அடித்ததும் நாங்கள் ஓடியதோ ஸ்கூல் கொம்பவுண்டுக்கு!

இவற்றுள் முதல் ஐந்தும் ஒருதாய் பிள்ளைகள். இலத்தீனில் 'கொம்பொனெரே' என்றால் சேர்த்து வைத்தல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இறுதியில் 'ட்' இருக்கவில்லை; பிறகுதான் ஒட்டிக்கொண்டது. கொம்போஸ்ட் பசளையும் இதே வேரில் பிறந்ததுதான். சட்டம் படித்த தோழிகள் இன்னொன்றும் சொல்வார்கள்: சில சிறு குற்றங்களில் இரு பகுதியாரும் சமாதானமாகி வழக்கை முடிப்பதும் கொம்பவுண்ட் பண்ணுவதுதான். ஆனால், செய்த பிழையைக் கொம்பவுண்ட் பண்ணுவதென்றால் அதை இன்னும் மோசமாக்குவது.

ஸ்கூல் கொம்பவுண்ட் மட்டும் வேறு குடும்பம். அது மலாய் மொழியின் 'கம்போங்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதே அகராதிக்காரர் பலரின் முடிவு. கம்போங் என்றால் ஊர், குடியிருப்பு. கீழைத் தீவுகளில் வணிகம் செய்த ஐரோப்பியர் 17ஆம் நூற்றாண்டில் அதைக் கேட்டு, தங்களுக்குப் பழகிய சொல்லின் உருவத்தை அதற்குக் கொடுத்துவிட்டார்கள். 1886இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதி இதை விரிவாக ஆராய்கிறது. கொம்பனித்தெருவில் மலாய் மக்கள் தலைமுறைகளாக வாழும் இந்நகரில், அந்தச் சொல் எங்களுக்கு அயல்வீட்டுச் சொந்தம். அதே சொல் தென்னாபிரிக்காவின் கிம்பர்லிக்குப் போனபோது, வைரச் சுரங்கத் தொழிலாளரை அடைத்து வைத்த இடத்தின் பெயராயிற்று. மதில் காக்கவும் செய்யும், அடைக்கவும் செய்யும்.

எங்கள் வீடுகளில் இதற்கு 'வளவு' என்போம். நாங்கள் வாழ்ந்த இடங்களின் பெயரிலும் நிலம் இருக்கிறது. வெள்ளவத்தையின் 'வத்தை' சிங்களத்தில் தோட்டம். கொட்டாஞ்சேனையின் 'சேனை' காடு வெட்டிப் பயிரிட்ட நிலம்.

1983 ஆடியில் எங்களிற் பலர் வீட்டையும் வளவையும் ஒரே நாளில் இழந்தோம். கோவில் வளவுகளும் பாடசாலை வளவுகளும்தான் அன்று எங்களைத் தாங்கின. பிறகு ஒருவர் கனடா, ஒருவர் லண்டன், ஒருவர் சிட்னி என்று சிதறினோம். இன்று திரும்பி வந்து வெள்ளவத்தையில் பழைய வீட்டைத் தேடினால் அங்கே தொடர்மாடி நிற்கிறது. மாமரமும் இல்லை, கிணற்றடியும் இல்லை. இங்கே படிக்கும் பிள்ளைகளிற் பலர் மாடி வீட்டில் பிறந்து வளர்பவர்கள். அவர்கள் கால் மண்ணிற் படும் ஒரே வளவு இதுதான்.

நூற்றாண்டு நிதியில் புதிய கட்டடம் எழுப்ப வேண்டும் என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் அதை விளையாட்டுத் திடலில் எழுப்ப வேண்டாம் என்று செயற்குழுவைப் பணிவோடு கேட்கிறோம். பழைய கட்டடத்தின்மேல் மாடி எழுப்பலாம். அதற்குச் செலவு கூடினால் கூடியதை நாங்கள் சேர்த்துத் தருவோம். மண்ணை ஒருமுறை மூடிவிட்டால் திரும்பத் திறக்கமாட்டோம்.

ஒரு சொல்லுக்குச் சேர்த்து வைத்தல் என்று பொருள். மற்றதற்கு ஊர் என்று பொருள். இரண்டையும் எங்களுக்குத் தந்தது இந்த வளவு. அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் அதை விட்டு வைப்போம்.