மனக்கோயிலும் மனப்பொருளும்

திருச்சிற்றம்பலம்.



செல்வத்தை மனக்கண்ணில் இடைவிடாது கண்டிருந்தால் அது தானே வந்தடையும் என்று இக்காலத்தில் பலர் போதிக்கின்றனர். அமெரிக்கராகிய நெப்போலியன் ஹில் 1937ஆம் ஆண்டில் எழுதிய நூலும், ரோண்டா பைர்ன் என்னும் அம்மையார் 2006ஆம் ஆண்டில் எழுதிய நூலும் இவ்வெண்ணத்தை உலகெங்கும் பரப்பின. இதனை நம்பிக் கடையைக் கவனியாது விட்டு, வட்டிக்குக் கடனும் வாங்கிய அன்பர் ஒருவர், "பாவனைக்குப் பயன் உண்டென்று நம் சைவமும் கூறுகின்றதன்றோ? பூசலார் மனத்திலேயே கோயில் கட்டவில்லையா?" என நம்மை வினவினார்.

கட்டினார்; ஐயமில்லை. திருநின்றவூரில் வாழ்ந்த அப்பெருமான் ஆலயம் எடுக்கப் பொருள் தேடி வருந்தினார், ஒன்றும் கிட்டவில்லை. பின்னர் உள்ளத்திலேயே நிதி திரட்டினார். அதுவும் ஒரு நொடியில் குவிந்த பொற்குவியலன்று. சிறிது சிறிதாகச் சேர்த்தது. தச்சரைத் தேடி, ஆகம முறைப்படி அடிநிலையிட்டு, விமானமும் மதிலும் கிணறும் குளமும் அமைத்தார். சேர்த்த நிதி முழுதும் இறைவனுக்கே செலவாயிற்று. தமக்கென ஒரு காசும் அவர் நினைந்திலர்.

காடவர் கோமான் காஞ்சியில் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்குக் குறித்த நாளும், பூசலார் குறித்த நாளும் ஒன்றாயின. பெருமான் அரசன் கனவில் தோன்றி, வேறு நாள் கொள்ளுமாறு பணித்தருளினார். அரசன் நின்றவூருக்கே வந்து அன்பரின் அடி பணிந்தான். அன்பர்களே, இங்கொன்றைக் கருதுக. அந்நிதி பொன்னாக மாறிப் பூசலார் இல்லத்திற்கு வந்ததாகச் சேக்கிழார் பெருமான் கூறவில்லை. வந்தவன் இறைவன்!

பொருள் வந்த வரலாறும் நம்மிடம் உண்டு. பஞ்சகாலத்தில் திருவீழிமிழலையில் அப்பரும் சம்பந்தரும் நாள்தோறும் படிக்காசு பெற்றனர். அடியார் பசி தீர்த்தனர். சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி இருந்தது. அப்பர் பெற்ற காசுக்கு அது இல்லை. காரணம், அப்பர் கையால் தொண்டு செய்தவர் என்பதே. ஞானக்குழந்தைக்கே அவ்வாறெனில், கையை மடக்கி அமர்ந்திருக்கும் நமக்குக் காசு எங்ஙனம் வரும்?

ஆகவே அவ்வன்பருக்கு நாம் கூறியது இது: "பாவனையை விட வேண்டா, பாவிக்கும் பொருளை மாற்றுக. வைகறையில் கடை திறப்பதையும், நேர்மையாய் அளந்து கொடுப்பதையும், கடன் சிறிது சிறிதாய்த் தீர்வதையும், மிகுந்ததில் ஒரு பிடி அடியாருக்கு இடுவதையும் மனக்கண்ணில் காண்க. கண்டதை அன்றே கையால் செய்க." மனத்தைக் கோயிலாக்குவோம், அதனைப் பணப்பெட்டியாக்க வேண்டா.

திருச்சிற்றம்பலம்.