அந்தக் கேள்வியைக் கேட்டது நர்ஸ்

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். இந்த எபிசோடை ரொம்ப நாளா தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். அக்காகிட்ட பர்மிஷன் கேட்டப்போ, "பேரு மட்டும் சொல்லாதடா, மத்ததெல்லாம் சொல்லு"ன்னு சொல்லுச்சு. அதனால சொல்றேன்.

எங்களுக்கு அரூர் பக்கம், தர்மபுரி மாவட்டம். அக்கா ஒரு பிரைவேட் ஸ்கூல்ல டீச்சர். 27 வயசுல ஒரு நாள் வலது கண்ணு மங்கலாச்சு. கண் டாக்டர்கிட்ட போனோம், சில வாரத்துல சரியாச்சு, மறந்துட்டோம். ரெண்டு வருஷம் கழிச்சு இடுப்புக்குக் கீழ மரமரப்பு. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் அந்தப் பேரைக் கேள்விப்பட்டோம்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமா எம்.எஸ்.

கரண்ட் ஒயர் மேல பிளாஸ்டிக் உறை இருக்கும் இல்லையா, நம்ம நரம்புக்கும் அப்படி ஒரு உறை உண்டு. மையலின்னு பேரு. உடம்போட எதிர்ப்பு சக்தியே தப்பா அந்த உறையைத் தாக்குறதுதான் எம்.எஸ். மூளை, தண்டுவடம், கண் நரம்பு, எங்க உறை போகுதோ அதைப் பொறுத்து தொந்தரவு வரும். பெரும்பாலும் 20-லிருந்து 40 வயசுக்குள்ள ஆரம்பிக்கும், ஆண்களைவிட பெண்களுக்கு அதிகம். அதாவது இதைக் கேக்குற உங்க வயசு.

முதல்ல காட்டின ஆஸ்பத்திரியோட பேர் வேண்டாம். டாக்டர் கெட்டிக்காரர். ஆனா அஞ்சு நிமிஷம்தான். ஸ்கேனைப் பார்ப்பார், "புதுசா தழும்பு இல்லை, நல்லா இருக்கு"ம்பார், ஊசி மருந்தை எழுதிக் கொடுப்பார். அதே கட்டடத்துல கீழ பிசியோ, மேல யூராலஜி. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிச்சதா எங்களுக்குத் தெரியலை.

வீட்டுல வேற கதை நடந்துச்சு. அக்கா கல்யாணம் காட்சிக்குப் போறதை நிறுத்திடுச்சு. வெளிய கிளம்புறோம்னா முகம் மாறிடும். அம்மா "இவளுக்குத் திமிரு"ன்னாங்க. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், மனசு சரியில்லைன்னு நினைச்சார். நானும் அப்படித்தான் நினைச்சேன். நடுவுல அடிக்கடி ஜுரம், ஜுரத்தோட கால் பலம் போகும். திரும்ப அட்டாக்னு ரெண்டு தடவை ஸ்டீராய்டு டிரிப் ஏத்தினோம்.

அப்புறம் ஒருத்தர் சொல்லி பெங்களூர்ல எம்.எஸ்.ஸுக்குன்னே இருக்குற ஒரு கிளினிக்குக்குப் போனோம். டாக்டரைப் பார்க்குறதுக்கு முன்னாடி ஒரு நர்ஸ் உக்கார வச்சுப் பேசினாங்க. தமிழ் தெரிஞ்சவங்க. சாப்பாடு, தூக்கம் எல்லாம் கேட்டுட்டு, ரொம்ப சாதாரணமா ஒரு கேள்வி:

"பஸ் ஏறணும்னா, எத்தனை மணி நேரம் முன்னாடி தண்ணி குடிக்குறதை நிறுத்துவீங்க?"

அக்கா அழுதுடுச்சு. முந்தின நாள் சாயங்காலத்துலேர்ந்தாம். மூத்திரம் வருதுன்னா அடக்க முடியாது, போனாலும் முழுசா போகாது. ஸ்கூல்லயும் அதனாலதான் தண்ணி குடிக்கிறதில்லை. மூணு வருஷமா. அம்மாகிட்ட சொல்லலை, மாமாகிட்ட சொல்லலை. டாக்டர் கேக்கலை.

அந்த நர்ஸ் எழுந்து போய் நரம்பு டாக்டர்கிட்ட சொன்னாங்க. யூரின் டெஸ்ட், பையில எவ்வளவு தங்குதுன்னு பார்க்க ஒரு அல்ட்ராசவுண்ட். இன்ஃபெக்‌ஷன் இருந்துச்சு. அப்பதான் கணக்கு புரிஞ்சது. தண்ணி குடிக்காம, பை முழுசா காலியாகாம இன்ஃபெக்‌ஷன், அதனால ஜுரம். எம்.எஸ். இருக்குறவங்களுக்கு உடம்புச் சூடு ஏறினா பழைய தொந்தரவெல்லாம் தற்காலிகமா திரும்பும். 1890-லேயே ஊட்டாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் இதைக் கவனிச்சிருக்கார், உடம்பை வருத்தி வேலை செஞ்சா சிலருக்குப் பார்வை மங்குதுன்னு. நாங்க புது அட்டாக்னு பயந்ததுல ஒண்ணாவது வெறும் ஜுரத்தோட வேலையா இருந்திருக்கலாம்னு டாக்டர் சொன்னார். இன்ஃபெக்‌ஷன் இருக்கும்போது ஸ்டீராய்டு ஏத்துறது நல்லதும் இல்லை. எனக்குக் கோபம் வந்துச்சு. யார் மேலன்னு தெரியலை. என் மேலயும்தான்.

அன்னைக்கே அந்த நர்ஸ் சின்ன டியூப் வச்சு பையைத் தானே காலி பண்றது எப்படின்னு அக்காவுக்குக் கத்துக் கொடுத்தாங்க. கேக்க பயமா இருக்கும், பத்து நிமிஷ வேலை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எங்க வீட்டு அடுப்படியை போட்டோவுல பார்த்துட்டு, உக்காந்து காய் நறுக்க உயரமான ஸ்டூல், சமையலை எட்டு மணிக்குள்ள முடிக்கிறது, கழுத்துல ஈரத்துண்டுன்னு மூணு விஷயம் சொன்னார். சைக்காலஜிஸ்ட் மாமாவைத் தனியா கூப்பிட்டுப் பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு அவர் இன்னும் சொல்லலை, ஆனா வீட்டுல சத்தம் குறைஞ்சுது. சோஷியல் ஒர்க்கர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்குற 21 வகையில எம்.எஸ். பேர் சொல்லியே இருக்கு.

ஓ.பி. முடிஞ்சதும் இவங்க எல்லாரும் ஒரே ஃபைலை வச்சுக்கிட்டு உக்காருவாங்களாம். எனக்கு அந்த ஃபைல்தான் பெரிய விஷயமாப் பட்டுது.

இந்த மாதிரி பல துறையும் ஒரே வளாகத்துல வேணும்னா, எங்க ஊர்க்காரங்க முதல்ல சொல்ற பேர் நிம்ஹான்ஸ். ஓசூர் ரோட்டுலயே இருக்கு. நரம்பியல், மறுவாழ்வு, சைக்காலஜி, பேச்சுப் பயிற்சி எல்லாத்துக்கும் தனித்தனி துறை. ஆனா தர்மபுரியிலேர்ந்தே சுமார் 130 கிலோமீட்டர், அரூர்க்காரங்களுக்கு அதுக்கும் மேல. மாசம் ஒரு தடவை போகலாம். மீதி 29 நாள்?

அங்கதான் மக்களைத் தேடி மருத்துவம் வந்துச்சு. 2021 ஆகஸ்ட் 5, பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச திட்டம். பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும்னு தெரியும். பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவார்னு எத்தனை பேருக்குத் தெரியும்? எங்களுக்கு வந்த தம்பி பக்கவாதம் வந்தவங்களை நிறைய பார்த்தவர், எம்.எஸ். பார்த்ததில்லை. மதியம் மூணு மணிக்கு வந்து "இன்னும் பத்து தடவைக்கா, விடாதீங்க"ன்னு செய்ய வைப்பார். அக்கா அன்னைக்கு ராத்திரி எழுந்திரிக்க முடியாது. அக்கா பெங்களூர் பிசியோவுக்கு போன் போட்டு, ரெண்டு பேரையும் ஸ்பீக்கர்ல பேச விட்டுச்சு. களைப்பு வர்றதுக்கு முன்னாடி நிறுத்தணும், வெயிலுக்கு முன்னாடி செய்யணும். அடுத்த வாரத்துலேர்ந்து அந்தத் தம்பி காலையில ஏழு மணிக்கு வந்தார்.

இது எங்க பக்கம் புதுசும் இல்லை. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவுல இருக்குற சிட்லிங்கியில டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993-ல ஒரு ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்ஸாவும் சுகாதாரப் பணியாளராவும் ஆக்கினாங்க. எம்.எஸ். கிளினிக் இல்லைதான். ஆனா வீட்டுக்குள்ள நடக்குறதைத் தெரிஞ்ச ஒருத்தர் டீம்ல இருந்தா என்ன ஆகும்னு பார்க்கணும்னா அங்க போங்க.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல வரலை. மருந்துச் செலவு இருக்கு. மே மாசம் இன்னும் கஷ்டம்தான். ஆனா போன மாசம் அத்தை பொண்ணு கல்யாணத்துக்கு அக்கா வந்துச்சு. பந்தியில ரெண்டாவது டம்ளர் தண்ணி கேட்டுச்சு. நான்தான் ஊத்தினேன்.

அடுத்த செக்கப்புக்கு நோட்டுல கேள்வி எழுதி வச்சிருக்கு. முதல் கேள்வி, குழந்தை பெத்துக்கலாமா. இதை யார்கிட்டக்கா கேப்பேன்னேன்.

"எல்லார்கிட்டயும்தான்"னு சொல்லுச்சு.

சரி. அடுத்த வாரம் பார்ப்போம்.