சிறுகுருவிக்கு ஒரு கூண்டு



காக்கைக்குச் சோறிட்டு உண்பது நம் மரபு. ஆனால் முதலமடையில் நாம் முற்றத்தில் இறைக்கும் தினையையும் நொய்யையும் காக்கையும் மைனாவும் புறாவுமே தின்று தீர்க்கின்றன. ஒரு சாண் நீளமும் இல்லாத சிட்டுக்குருவியும் சில்லையும் வேலியிலேயே காத்திருக்கின்றன.

கூண்டு என்றதும் முகஞ்சுளிக்காதீர்கள். இதில் அடைபடுவது பறவையன்று, தீனி! நான்கு சென்டிமீட்டர் இடைவெளியுள்ள கம்பிக்கூண்டின் நடுவே, காக்கையின் அலகுக்கு எட்டாதவாறு, தீனிக்கலத்தைத் தொங்கவிடுங்கள். சிறியவை நுழையும், பெரியவை நுழையா. பூனைக்கும் எட்டாத உயரம் வேண்டும்.

கலத்தை அடிக்கடி கழுவுதல் இன்றியமையாதது. பிரிட்டனில் 2005-இல் தோன்றிய தொண்டை நோய், தீனிக்கலங்களின் வழியாகவும் பரவி, பச்சைநிறக் குருவியினம் ஒன்றைப் பெரிதும் குறைத்துவிட்டது.

சிட்டுக்குஞ்சுகளுக்கோ புழுபூச்சிகளே உணவு. மாமரங்களுக்கு மருந்து தெளிக்கும் இவ்வூரில், வீட்டோரச் செடிகளையேனும் தெளிக்காது விடுங்கள்.