சூரியனும் பழைய இரும்புக் கிண்ணங்களும்

(தஞ்சைப் பக்கத்துக் கிராமமொன்றில் செய்த பிரசங்கத்தின் சுருக்கம்)



ஆடுதுறைக்குப் பக்கத்திலே சூரியனார் கோயில் இருக்கிறது. சூரியனுடைய கோபத்தைத் தணிக்கவென்று அங்கே வருஷம் முழுவதும் ஜனங்கள் பணம் செலவழிக்கிறார்கள். அந்தச் சூரியன் உண்மையில் என்ன செய்கிறது என்பதை அறிய எவ்வளவு பணம் வேண்டும் என்பதே இன்றைய விஷயம். "அதெல்லாம் கோடீசுவர நாடுகளுக்கல்லவோ?" என்று சொல்லும் பெரிய மனிதர்களை உத்தேசித்தே இதைப் பேசுகிறோம்.

சூரியனிடமிருந்து வெளிச்சமும் உஷ்ணமும் மாத்திரம் வரவில்லை. ரேடியோ அலைகளும் வருகின்றன. நம் ரேடியோப் பெட்டியின் ஏரியல் பிடிக்கிற அதே ஜாதி அலைதான். (ஜாதி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இவற்றுக்குள் நீளத்தில் வித்தியாசமே தவிர, உயர்வு தாழ்வு கிடையாது.)

ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்துப் பாட்ஸ் ஹில் நீர்த்தேக்கக் கரையில், கிறிஸ்டியன்சன் என்பவர் 1951-ல் 32 கிண்ண ஏரியல்களை வரிசையாக நட்டார். ஒவ்வொன்றும் ஆறடிக்கும் குறைந்த அகலம். அவற்றால் 21 சென்டிமீட்டர் அலையில் சூரியனை ஆராய்ந்தார். 1953-ல் நம் நாட்டிலிருந்து கோவிந்த ஸ்வரூப் என்பவரும், நம் கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்துப் பார்த்தசாரதி என்பவரும் அங்கே வேலை கற்கப் போனார்கள்.

நீண்ட அலையானது சூரியனைச் சூழ்ந்த ஆவி மண்டலத்தில் இன்னும் மேலேயிருந்து வருவதால், 60 சென்டிமீட்டரில் பார்க்க அவ்விருவரும் விரும்பினார்கள். அதற்காகப் புதுக் கருவி கேட்டு மனுப் போடவில்லை. கிண்ணங்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் நடுவிலிருந்த சிறு ஏரியல்களையும் ரிசீவரையும் மாற்றினார்கள். கஷ்டமெல்லாம் கம்பியில்தான். 32 கிண்ணங்களின் அலைகளும் ஒரே சமயத்தில் வந்து கூட வேண்டும். நடவிலே பெண்கள் குலவையிடும்போது ஒருத்தி பிந்தினால் தனியாகக் காதில் விழுகிறதல்லவா? அப்படிப் பிந்தாதிருக்க, ஒவ்வொரு கம்பியையும் அளந்து அளந்து சரிசெய்தார்கள். படித்தவன் கையில் குறடு பிடிக்கலாகாது என்கிற நம் தேசத்துப் பெருமையை அவர்கள் கூடவே கொண்டுபோயிருந்தால் வேலை நடந்திராது.

பிறகு சிட்னியில் வேறு பெரிய கருவி வரவே, 1955-ல் இந்தக் கிண்ணங்கள் கழிவு இரும்பாகப் போக இருந்தன. "இந்தியாவுக்குத் தாருங்கள்" என்று ஸ்வரூப் கேட்டார். அவர்கள் இனாமாகவே கொடுக்கச் சம்மதித்தார்கள். ஆனால் கப்பல் கூலி யார் கொடுப்பது? அந்நியச் செலாவணி இல்லையென்று காரியம் இழுத்தது. ஸ்வரூப் அலுத்து அமெரிக்காவுக்கே போய்விட்டார். கிண்ணங்கள் டில்லிக்கு வந்தும் எடுத்து ஆளுவாரில்லை. தங்கத்தேர் செய்வதென்றால் இப்படிப் பணம் தட்டியிருக்குமா என்று நாம் கேட்கிறோம்.

1963-ல் அவர் திரும்பி டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த பின்னரே அவற்றுக்கு விமோசனம் கிடைத்தது. 1965-ல் பம்பாய்க்கு அடுத்த கல்யாணில் 24 கிண்ணங்களைக் கிழக்கு மேற்காகவும் 8 கிண்ணங்களைத் தெற்கு வடக்காகவும் நட்டு, மறுபடியும் ரிசீவரை மாற்றி, சுமார் 49 சென்டிமீட்டர் அலையில் சூரியனைப் பார்த்தார்கள்.

கல்யாணில் கை பழகிய கூட்டத்தாரே 1970-ல் உதகையில் 530 மீட்டர் நீளமுள்ள கருவியைக் கட்டி முடித்தார்கள். அங்கும் பணத்தை இறைக்கவில்லை. அவ்விடத்து அட்சரேகை 11 டிகிரி. அதே அளவு சாய்ந்த மலைச்சரிவாகத் தேடிப் பிடித்து அதன்மேல் நட்டதால், கருவியை ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தைத் தொடர்ந்துகொண்டு போகலாம். சூரியனிலிருந்து பூமியை நோக்கி வீசும் காற்றை அதைக்கொண்டு ஆராய்ந்து வருகிறார்கள்.