பழைய வண்டியும் வருமுன் காப்பும்



தலவிலப் புனித அன்னம்மாள் ஆலயத்தின் திருவிழாக்களைப் பற்றி நீங்கள் யாவரும் கேள்வியுற்றிருப்பீர்கள். மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் இலங்கையின் எல்லாத் திசைகளிலிருந்தும் யாத்திரிகர்கள் அங்கு வந்து கூடுகின்றனர். பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டியை நோக்கிச் செல்லும் வீதியில், அந்நாட்களில் மோட்டார் வண்டிகள் எறும்பு வரிசை போல ஊர்ந்து செல்லும். வீதியோரத்திலோ, முன்மூடியைத் திறந்து வைத்தபடி, ஆவி பறக்க நிற்கும் சில வண்டிகளையும், தென்னை நிழலில் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பத்தினரையும் காணலாம். அவ்வண்டிகளுள் பெரும்பாலானவை சிறியவை; வயது சென்றவை.

பழைய வண்டியை வைத்திருப்பவனைப் பார்த்து நகைப்பது எளிது. ஆனால் நம் நாட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வண்டிகளை மீண்டும் இறக்குமதி செய்ய 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே இடமளிக்கப்பட்டது. அதன் பின்னரும் வரிச்சுமையினால் புதிய வண்டி என்பது சம்பளத்தில் வாழ்பவருக்கு எட்டாக் கனியாகவே இருக்கின்றது. ஆகவே, இருக்கும் வண்டியைப் பேணுதல் நம்மிற் பலருக்கு விருப்பமன்று, தேவை.

நான் பொறியியல் கற்றவன் அல்லன், கலைப்பட்டதாரி, ஒரு பாடசாலையின் அதிபர். எனினும் இப்பொருளைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. அஃது, ஒரு பெருந்தவறு செய்து அதிலிருந்து பாடம் கற்றவன் என்னும் தகுதியாகும்.

என்னிடமுள்ள வண்டி உருவிற் சிறியது. ஆனால் சூப்பர்சார்ஜர் எனப்படும் காற்றழுத்தி பொருத்தப்பெற்றது. நான் அதற்கு மூன்றாவது உரிமையாளன். ஒரு சமயம் அதன் குளிர்நீர்க் கலத்தில் நீர் சிறிது சிறிதாகக் குறைந்து வந்தது. நானும் வாரந்தோறும் பாடசாலைக் கிணற்று நீரை ஊற்றி நிரப்பிவிட்டு, கடமை முடிந்ததென்று இருந்தேன். இவ்வாறு ஐந்தாறு மாதங்கள் சென்றன. ஒரு நாள் விளையாட்டு மைதானத்தில் விழுந்து ஒரு மாணவன் கையை முறித்துக்கொண்டான். அவனையும் அவன் தாயாரையும் ஏற்றிக்கொண்டு புத்தளத்து வைத்தியசாலைக்கு விரைந்தேன். நுரைச்சோலையைத் தாண்டியதும் வெப்பமானியின் முள் மேலேறத் தொடங்கிற்று. இன்னும் சிறிது தூரந்தானே என்று எண்ணி நிறுத்தாமற் சென்றேன். பாலாவியை அடையுமுன்னரே எந்திரம் உயிரிழந்து நின்றுவிட்டது. நண்பகல் வெயில், வலியில் முனகும் பிள்ளை, ஒன்றும் பேசாமல் என்னையே நோக்கும் தாய். அவ்வழியே வந்த ஒரு மீன் லொறிக்காரர் அவ்விருவரையும் ஏற்றிச் சென்றிராவிடில் என்னவாகியிருக்கும்? பிள்ளையின் கை பின்னர் நலமாகக் கூடிவிட்டது. ஆயினும் அத்தாயின் பார்வை இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

கராச்சில் வண்டியைப் பிரித்துப் பார்த்த பாஸ் என்னை நோக்கி, “சேர், தண்ணீர் குறையக் குறைய ஊற்றினீர்களே, அது எங்கே போகின்றது என்று ஒரு நாளாவது பார்த்தீர்களா?” என்று கேட்டார். துருப்பிடித்துத் தளர்ந்த ஒரு குழாய்க் கவ்வியின் வழியே நீர் கசிந்திருக்கின்றது. அதன் விலை சில நூறு ரூபாய். அதனைக் கவனியாததனால் எந்திரத்தின் அலுமினியத் தலைப்பகுதி வெப்பத்தினால் வளைந்து, காஸ்கெட்டும் எரிந்து, என் இரண்டு மாதச் சம்பளம் கரைந்தது. அடிக்கடி பாடசாலைக்கு வராத பிள்ளையின் பெயருக்கெதிரே குறியிட்டுவிட்டு, ஏன் வரவில்லை என்று விசாரியாத ஆசிரியரை நான் எத்தனையோ முறை கடிந்திருக்கின்றேன். அக்குற்றத்தையே என் வண்டிக்கு நான் செய்தேன்.

நேயர்களே, இத்தகைய வண்டிக்கு ஏன் கூடுதலான கவனம் வேண்டும் என்பதைச் சற்றே விளக்குகின்றேன். சாதாரண எந்திரம் தானே மூச்சிழுத்துக்கொள்கின்றது. காற்றழுத்தி பொருத்திய எந்திரத்திற்கோ காற்று ஊதித் திணிக்கப்படுகின்றது. கொல்லன் உலைக்குத் துருத்தி எப்படியோ, அப்படியே இவ்வெந்திரத்திற்கு இக்கருவி. இவ்வுவமை வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற காற்றூதி, இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்றூதப் பயன்பட்டது. அதன் வழிவந்த கருவியே பிற்காலத்தில் மோட்டார் வண்டிகளில் ஏறிற்று. 1921இல் ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம் காற்றழுத்தி பொருத்திய மெர்சிடிஸ் வண்டிகளைக் காட்சிக்கு வைத்தது. நம் காலத்தில், 658 கன சென்ரிமீற்றர் கொள்ளளவே உடைய சுபாரு விவியோவிலும், 1198 கன சென்ரிமீற்றர் கொண்ட நிசானின் மூன்று சிலிண்டர் எந்திரத்திலும் இக்கருவி இடம்பெற்றது. சிற்றுடலுக்குப் பேராற்றல் தரும் வழி இது. ஆனால் அழுத்திய காற்று சூடேறும். எந்திரத்தினுள் அழுத்தமும் வெப்பமும் மிகும். இளமையிற் பொறுத்த இச்சுமையை முதுமையிற் பொறுப்பது கடினம்.

இக்கருவியைச் சுழற்றுவது எந்திரத் தண்டோடு இணைந்த ஒரு றப்பர் பெல்ட். பெரும்பாலும் அதே பெல்ட்டே பற்றரிக்கு மின்னூட்டும் கருவியையும் சுழற்றும். வெப்பத்தினால் றப்பர் இறுகும், வெடிப்பு விழும், ஓரங்கள் பளபளக்கும். மாதம் ஒருமுறை, எந்திரம் நின்று குளிர்ந்திருக்கும் வேளையில், ஒரு கைவிளக்கைக் கொண்டு அதனைப் பார்த்தல் வேண்டும். அதனை இழுத்துப் பிடித்திருக்கும் கப்பியும் சரியாக உள்ளதா என்று பார்த்தல் நன்று. ஓட்டத்தின்போது திடீரென மின்னூட்டச் சிவப்பு விளக்கு எரியுமாயின், பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே ஓரமாக நிறுத்தி எந்திரத்தை அணையுங்கள்.

காற்றழுத்தியினுள்ளே பற்சக்கரங்கள் உள்ளன. பல வண்டிகளில் அவற்றுக்குரிய ஒயில், எந்திர ஒயிலோடு கலவாது தனியே அடைக்கப்பட்டிருக்கும். ஆயுள் முழுவதற்கும் போதும் என்று விற்போர் கூறுவதுண்டு. எவருடைய ஆயுள் என்பதுதான் கேள்வி. 2002இல் விற்பனைக்கு வந்த மினி கூப்பர் எஸ் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதில் குளிர்நீரைச் செலுத்தும் பம்பும் காற்றழுத்தியின் பற்சக்கரத்தினாலேயே சுழற்றப்படுகின்றது. உள்ளிருக்கும் ஒயில் வற்றினால் பற்கள் தேயும். பற்கள் தேய்ந்தால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் எந்திரமே வெந்துவிடும். ஒரு மூடிக்குள் மறைந்துள்ள சிறிதளவு ஒயிலில் முழு வண்டியின் உயிரும் தொங்குகின்றது. ஆதலின் வண்டி வயதானதும், வேறு பழுதுக்காக அப்பகுதி கழற்றப்படும் போதெல்லாம், அந்த ஒயிலையும் மாற்றச் சொல்லுங்கள். காற்றழுத்தி சீழ்க்கை போல ஒலிப்பது இயல்பு. அது கடகடவென்று ஒலித்தாலோ, முன்னில்லாத உராய்வொலி எழுந்தாலோ அலட்சியம் செய்யலாகாது.

நீரைப் பற்றி மீண்டும் ஒரு வார்த்தை. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த நம் கற்பிட்டிக் குடாநாட்டில் உவர்த்தன்மையுள்ள கிணறுகள் பல. அந்நீரிலுள்ள உப்புகள் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிற் படியும்; உலோகத்தை அரிக்கும். காய்ச்சி வடித்த நீரோடு வண்டிக் கைந்நூல் கூறும் குளிர்திரவத்தைக் கலந்து ஊற்றுவதே முறை. கலத்தில் நீர்மட்டத்திற்குக் கோடு ஒன்றுண்டு. வாரம் ஒரு காலை அதனைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்புங்கள், மீண்டும் குறைந்தால் காரணத்தைத் தேடுங்கள். சூடான மூடியை ஒருபோதும் திறவாதீர்கள்.

எந்திர ஒயிலையும் அவ்வாறே, சமதரையில், புறப்படுமுன் அளத்தல் வேண்டும். மணலும் வெப்பமும் மிக்க நம் பிரதேசத்தில், கைந்நூல் கடினமான ஓட்டத்திற்கென்று குறிப்பிடும் குறுகிய தவணையைக் கைக்கொள்வதே விவேகம். காற்று வடிகட்டியை அடிக்கடி பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது மணலையன்றி வேறெதையும் உண்பதில்லை. பெற்றோலிலும் சிக்கனம் வேண்டாம். 95 ஒக்டேன் வேண்டுமென்று கைந்நூல் கூறும் வண்டிக்கு 92 ஒக்டேனை ஊற்றினால், ஏற்றத்திலும் பாரத்திலும் எந்திரத்தினுள் தட்டொலி எழக்கூடும். அழுத்தம் மிகுந்த எந்திரத்தில் அத்தொடர் தட்டு பிஸ்டன்களை உடைக்கவல்லது.

இனி, உப்பு. பாலாவியிலும் புத்தளத்திலும் உப்பை விளைவிக்கும் அதே வெயிலும் காற்றும் நம் வண்டிகளின் அடிப்பாகத்தை அரிக்கின்றன. மேற்பூச்சு மின்னும்படி துடைப்போர் பலர். குனிந்து கீழே பார்ப்போர் சிலர். கடற்கரைக்குச் சென்று வந்த பின் நன்னீரை அடிப்பாகத்தில் பீய்ச்சிக் கழுவுதல் வேண்டும். கதவுகளின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகள் மண்ணால் அடைபடாது காத்தல் வேண்டும். பற்றரி முனைகளிற் சிறிது வாசலின் தடவுங்கள். பிறேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். பள்ளம் தேயாதிருந்தாலும் வயதான டயர் நம்பத்தக்கதன்று.

இவற்றையெல்லாம் நினைவில் வைத்திருப்பது எங்ஙனம் என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒரு நாற்பது பக்கப் பயிற்சிக் கொப்பியை வண்டியில் வைத்திருக்கின்றேன். எத்தேதியில், எத்தனையாவது கிலோமீற்றரில், எதை மாற்றினேன், எவ்வளவு செலவாயிற்று என்பவற்றை அதில் எழுதுகின்றேன். சென்ற மாதம் என்ன ஒலி கேட்டது என்பதும் அதில் உண்டு. மாதந்தோறும் ஒரு சிறு தொகையை வண்டிக்கென ஒதுக்கியும் வைக்கின்றேன். அக்கொப்பியைப் பார்த்த பாஸ் ஒருநாள் நகைத்துக்கொண்டே, “சேர் இப்போது வண்டிக்கும் வரவுப் பதிவு வைத்துவிட்டார்” என்றார். அதைக் காட்டிலும் சிறந்த நற்சான்றிதழை நான் இதுவரை பெற்றதில்லை.

வருமுன் காத்தலின் அருமையை வள்ளுவர் நமக்கு என்றோ உணர்த்திவிட்டார். அதனை நான் ஏடுகளிற் கற்றேன்; வகுப்பறையிற் கற்பித்தேன்; ஆனால் பாலாவி வீதியின் வெயிலில் நின்றபோதே விளங்கிக்கொண்டேன். எந்நேரத்தில், எவருக்காக, எவ்வளவு அவசரமாக நம் வண்டி தேவைப்படும் என்பதை நாம் அறியோம். அந்த நேரத்திற்கு அது ஆயத்தமாக இருக்க வேண்டுமாயின், அவசரமில்லாத இன்றைய காலைப்பொழுதிலேயே அதன் முன்மூடியைத் திறந்து பார்த்தல் வேண்டும்.